ஜாமீனுக்கு ஒரு வாய்ச்சொல்

1

நம் பங்குச் சாமியாரிடமிருந்து போன கப்பலில் கடிதம் வந்தது. அக்கரைச் சீமைக்குப் போய் நல்ல நிலைமைக்கு வந்த நம் ஊர்க்காரர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வைக்கிறாராம். நானும் மலாய் நாட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டதால் நாலு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். இளைஞர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளையும் ஈயச் சுரங்கங்களையும் வர்ணித்தேன். படித்துப் பார்த்தால் ரயில்வேக்காரன் ஒட்டும் விளம்பரம் போல இருந்தது, கிழித்துவிட்டேன். இரண்டாம் தடவை என் உத்தியோக உயர்வைப் பற்றி எழுதினேன். அதை முடிக்கவே வெட்கமாக இருந்தது. மூன்றாம் தடவை எழுத உட்கார்ந்தபோதுதான் என் மகள் கிளாரா காகிதமும் பென்சிலுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

கிளாராவுக்குப் பதினைந்து வயது. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இங்கிலீஷ் வெண்ணெய் போல வரும். தமிழில் 'சாப்பிட்டேன்' என்பதற்கு 'மக்கான் பண்ணிட்டேன்' என்பாள். குறை சொல்ல எனக்கு வாயில்லை, கோர்ட்டுத் தமிழ் பேசிப் பேசி நானே வீட்டில் மேற்படி உப்பைக் கொண்டா என்று கேட்கிற ஆளாகிவிட்டேன். என் இருபதாவது வருஷத்துக்காகக் கோவிலில் நன்றிப் பூசை வைத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் அவள் என் பயணத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு கட்டுரை வாசிக்கப் போகிறாள்.

"அப்பா, கப்பல்ல எந்த கிளாஸ்ல வந்தீங்க? அத மொதல்ல எழுதணும்லா" என்றாள்.

இரண்டாம் வகுப்பு என்றேன். அறையில் வட்ட ஜன்னல் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். மேஜைக்கு வந்து பரிமாறினார்களா என்று கேட்டாள். முட்டையும் ரொட்டியும் கொடுத்தார்கள் என்றேன். இதெல்லாம் என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தம் பயணத்தைப் பற்றிச் சொன்னது. வட்ட ஜன்னலை நான் வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. பிள்ளை ஒரு பிழையில்லாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள்.

அவள் போனபின் பேனாவை எடுத்தேன். ஊக்கம் கொடுக்கும்படி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. சவரிமுத்து என்ற மனிதர் மூன்று மாதமாகச் சிறையில் இருக்கிறார். தீர்ப்பாகி உள்ளே போனவர் இல்லை, ஜாமீன் கிடைக்காமல் இருக்கிறார். கிடைக்காமல் போனதற்கு நான் காரணம். அதைத்தான் எழுதுகிறேன், போடுவதும் போடாததும் சாமியார் இஷ்டம்.

2

என் வேலையை முதலில் சொல்ல வேண்டும். ஈப்போவில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் துபாசியாக இருக்கிறேன். துரை இங்கிலீஷில் கேட்பதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் தமிழில் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து வேலையில் சேர்ந்தவன் நான். ஊரில் என்னைச் சூசை என்று அறிவீர்கள். இங்கே மிஸ்டர் ஜோசப்.

எங்கள் கோர்ட்டில் அபின் வழக்கு வராத வாரம் கிடையாது. நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே அபினைச் சர்க்காரே கடை வைத்து விற்கிறது. அந்தக் கடையில் வாங்கினால் அது சரக்கு, வேறு இடத்திலிருந்து வந்தால் குற்றம். ஒரு சீனக் கிழவர் சிப்பியளவு கள்ளச் சரக்கோடு பிடிபட்டால் அபராதத்தோடு போய்விடும். கட்டி கட்டியாகப் பிடிபட்டால் கதை வேறு. பெட்டி யார் கையில் இருந்ததோ அவன் தெரிந்தேதான் வைத்திருந்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. தெரியாது என்று காட்டவேண்டியது அவன் பொறுப்பு.

அப்படிப்பட்ட பெரிய வழக்கில் ஜாமீன் கேட்டால் துரை உடனே கொடுத்துவிட மாட்டார். எவ்வளவு சரக்கு, எத்தனை வருஷத் தண்டனை வரும் என்று பார்ப்பார். முன்னால் அகப்பட்டிருக்கிறானா, வெளியே விட்டால் சாட்சிகளைக் கலைப்பானா என்று கேட்பார். அத்தனை கேள்வியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். இவன் ஓடிப்போவானா, மாட்டானா?

இந்தக் கேள்வியில்தான் நம் சனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெண்சாதி பிள்ளைகள் எங்கே என்று கேட்பார். ஊரில் இருக்கிறார்கள் என்றால், அப்படியானால் இவனுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, கப்பல் ஏறிவிடுவான் என்று எழுதுவார்கள். இங்கேயே இருக்கிறார்கள் என்றால் எந்த வீட்டில் என்று கேட்பார். தோட்டத்து லயத்தில் என்றால், லயம் தோட்டத்தினுடையது, இவனுடையது அல்ல, ஆகவே நிலையான இருப்பிடம் இல்லை என்று எழுதுவார்கள். அங்கே வீடு இருந்தாலும் குற்றம், இங்கே வீடு இல்லாவிட்டாலும் குற்றம். பல வருஷமாக இந்தக் கேள்விகளை நான் தமிழாக்கி வருகிறேன். ஒரு நாளும் எனக்கு இது உறைத்ததில்லை. எங்கள் துரையும் கெட்டவர் அல்ல. அவருக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகளைக் கேட்கிறார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜாமீன் விஷயத்தில் முடிவு செய்ய முடியாதபோது பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். "மிஸ்டர் ஜோசப், இவர்கள் உங்கள் ஜனங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்பார். சட்டப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. ஆனாலும் ஓடமாட்டான் என்று நான் சொன்ன ஆட்கள் நின்றார்கள், ஓடுவான் என்று சொன்னவர்களில் சிலர் ஓடியும் போனார்கள். அதனால் என் வாய்ச்சொல்லுக்கு அந்த அறையில் ஒரு மதிப்பு உண்டாகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

3

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பல வருஷமாக நான் அதைத்தான் செய்துவருகிறேன். நான் ஆபீஸில் எழுதும் கிராணி வேலைக்கென்று இரண்டாம் வகுப்பில் வந்தவன் அல்ல. கங்காணி பிடித்த கூட்டத்தில், கப்பலின் அறையில்லாத மேல்தட்டில், பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க வந்தவன். என் பெண்சாதி செசிலியா தைப்பிங்கில் ஒரு வாத்தியார் மகள். அவளைப் பெண் கேட்கப் போனபோது தோட்டத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. அந்தப் பொய்யின் மேல்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

சவரிமுத்து நம் ஊர்தான். தெற்குத் தெருவில் குடியிருந்த குடும்பம், பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இருவரும் ஒரே கப்பலில் வந்தோம். பினாங்கில் இறங்கினதும் நோய்த் தடுப்பு முகாமில் அடைத்து, துணிகளையெல்லாம் புகை போட எடுத்துக்கொண்டு போனார்கள். இருவருக்கும் ஒரே பாய் இருந்தது. பேர் பதிந்த குமாஸ்தா நாங்கள் ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அண்ணன் தம்பியா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவர் அப்படியே எழுதிவிட்டார். பிறகு திருத்தச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை. சர்க்கார் பேரேடு ஒன்றில் நாங்கள் இன்றும் உடன்பிறந்தவர்களாகத்தான் இருப்போம்.

பீடோர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எங்களைப் போட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் டிரஸர் ஒருவர் இருந்தார். எனக்குக் கொஞ்சம் எழுத்து வரும் என்று கண்டு, காலையில் ஒரு மணி நேரம் வந்தால் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்றார். காலை நேரம்தான் பால் நன்றாக இறங்கும் நேரம். நான் போய்விட்டால் என் மரங்களை யார் வெட்டுவது? சவரிமுத்து வெட்டினார். தம் மரங்களை இருட்டோடு தொடங்கி, ஓட்டமாய் ஓடி முடித்து, எனக்கு ஒதுக்கிய மர வரிசையான என் நிரைக்கு வந்து என் மரங்களையும் வெட்டுவார். இரண்டு வருஷம் இது நடந்தது. ஒருநாள் கங்காணி கண்டுபிடித்தபோது, 'நான்தான் அவனை அனுப்பினேன்' என்று சவரிமுத்து சொல்லி அடியைத் தாமே வாங்கிக்கொண்டார். ஏன் மச்சான் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "நமக்குள்ள ஒருத்தனாச்சும் மரத்த விட்டு எறங்கணும்லா மச்சான்" என்றார்.

நான் இறங்கினேன். முதலில் தோட்டத்து ஆபீசில் சேர்ந்து, பிறகு டவுனில் ஒரு வக்கீலிடம் இருந்து, கடைசியில் கோர்ட்டுக்கு வந்தேன். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பேன். கல்யாணத்துக்குப்பின் அது வருஷம் ஒருமுறை ஆயிற்று, அப்புறம் நின்றுபோயிற்று. ஏறிவந்த ஏணியை எட்டி உதைத்தவன் என்று என்னைச் சொல்லலாம். நான் உதைக்கக்கூட இல்லை. அப்படி ஓர் ஏணி இருந்ததையே மறந்தவன்போல நடந்துகொண்டேன்.

4

ஒரு திங்கட்கிழமை, ஏழாவது வழக்காகச் சவரிமுத்துவைக் கூண்டில் ஏற்றினார்கள். பேரைக் கூப்பிட்டவனே நான்தான். கூப்பிட்டபோது வேறு யாரோ என்று நினைத்தேன். முடி முழுக்க நரைத்து, மூன்று நாள் தாடியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. நான் உடனே கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். தாயார் இறந்த வருஷப் பூசைக்காக ஊருக்குப் போய்விட்டு அவர் திரும்பி வந்திருக்கிறார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் கப்பல் ஏறுகிறார் என்றால் ஊரே பொட்டலம் கொடுக்கும். துணியில் வைத்து நாலு பக்கமும் தைத்து, மேலே பேரும் தோட்டமும் எழுதிக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் உள்ளே என்ன என்று கேட்கமாட்டார். கேட்டால் மரியாதைக் குறைவு. தையலைப் பிரித்தார் என்றால் அதோடு அவர் பேர் போயிற்று, மறுபடி அவரிடம் யாரும் எதையும் நம்பிக் கொடுக்கமாட்டார்கள். சவரிமுத்துவிடம் அப்படி ஒரு மூட்டை நிறையப் பொட்டலங்கள் இருந்தன. ஈப்போ ரயிலடியில் அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தபோது சுங்கத்துக்காரர்கள் சோதித்திருக்கிறார்கள். ஒரு பிஸ்கோத்து டின், கோணியில் வைத்துத் தைத்தது, மேலே கருப்பட்டி, அடியில் கட்டி கட்டியாக அபின்.

எல்லாப் பொட்டலங்களையும் பிரித்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஊறுகாய், கருவாடு, ஜெபமாலை, ஒரு குழந்தைக்கு அரைஞாண் கயிறு. அதிகாரி ஒவ்வொரு பேராக வாசித்தார். என் பேர் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே கேட்டேன். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது, அடுத்த நிமிஷமே அந்த அப்பாடாவை நினைத்துக் கூசிப்போனேன்.

முன்பின் தெரியாதவன் கொடுத்த டின்னை ஏன் வாங்கினாய் என்று துரை கேட்டார்.

"நாகப்பட்டணத்துல கப்பலடியில குடுத்தாருங்க. நம்ம சனம்னு சொன்னாரு. காம்பார்ல தம்பி கடை வச்சிருக்கான், அவனுக்குக் கருப்பட்டின்னா உசுருன்னாரு. அதுக்கு மேல எப்படிங்க வேணாங்கிறது?"

காம்பாரில் அந்தப் பேரில் கடை ஒன்றும் இல்லை என்று அதிகாரி எழுந்து சொன்னார். டின்னைப் பிரித்துப் பார்த்தாயா என்று துரை கேட்டார்.

"தச்சிருந்துச்சுங்களே" என்றார் சவரிமுத்து. அதற்குமேல் ஒரு விளக்கம் தேவைப்படும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

துரை சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஜோசப், இப்படித் திறந்து பார்க்காமல் கடல் தாண்டிக் கொண்டுவருகிற வழக்கம் உண்மையிலேயே உங்கள் ஜனங்களிடம் இருக்கிறதா?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் புளி அப்படி வந்தது. கிளாராவின் ஞானஸ்நானத்துக்கு என் அக்காள் அனுப்பிய வெள்ளிச் சிலுவை அப்படித்தான் வந்தது. கொண்டுவந்தவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. இதையெல்லாம் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். ஆனால் பக்கத்து மேஜையில் யாழ்ப்பாணத்து நண்பர் உட்கார்ந்திருந்தார், பின்னால் வக்கீல்கள் இருந்தார்கள். 'உங்கள் ஜனங்கள்' என்று துரை சொன்னது எனக்கு எங்கேயோ சுட்டது.

"தோட்டத்துக் கூலி ஜனங்களிடம் உண்டு, துரை. படித்தவர்கள் செய்வதில்லை. இதில் ஆபத்து இருக்கிறது என்று இப்போது கூலிகளுக்கும் தெரிந்திருக்கும்" என்றேன்.

அரசுத் தரப்பு இன்ஸ்பெக்டர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். தெரிந்திருக்கும் என்று துபாசியே சொல்கிறார், அப்படியானால் தெரிந்தே கொண்டுவந்திருக்கிறான் என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று எழுந்து சொல்லியிருக்கலாம். நாற்காலியை விட்டு எழவில்லை.

ஆனாலும் துரைக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு வாரம் தள்ளி வைத்தார். ஜாமீன் தொகைக்குத் தோட்டத்து ஆட்கள் ஒரு கடைக்காரரைப் பிடித்திருந்தார்கள், அது தடையில்லை என்றார். வேண்டியது ஓர் ஆள். இவனை நெடுநாளாக அறிந்த, ஈப்போவில் நிலையாகக் குடியிருக்கிற, நம்பத்தக்க ஒருவர் வந்து, இவன் நேர்மையானவன், ஓடமாட்டான் என்று வாயால் சொன்னால் விடுகிறேன் என்றார். நான் அதைச் சவரிமுத்துவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, ஈப்போ முழுக்கத் தேடினாலும் அந்த அடையாளத்துக்குப் பொருந்துகிற ஆள் என்னைத் தவிர ஒருவனும் இல்லை.

5

புதன்கிழமை நான் கோர்ட்டிலிருந்து திரும்பியபோது வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செசிலியா அவளுக்குத் தண்ணீர் கொடுத்திருந்தாள். துபாசி ஐயாவைப் பார்க்கவேண்டும் என்று அந்தப் பெண் காலையிலிருந்து காத்திருப்பதாகச் செசிலியா சொன்னாள். வந்தவள் சவரிமுத்துவின் பெண்சாதி அந்தோணியம்மாள். இவர்கள் கல்யாணத்தில் பந்தியில் பரிமாறியவன் நான்.

கோர்ட்டு விஷயம் என்று சொல்லிச் செசிலியாவை உள்ளே அனுப்பினேன். அவள் போனதும் அந்தோணியம்மாள் எழுந்து நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணே, ஒங்க பேர எங்கயும் எடுக்கக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டாரு. ஜெயில்ல பாக்கப் போனப்பவும் அதேதான் சொன்னாரு. நான் எடுக்கல, ஒங்க வீட்டு அக்காகிட்டகூட நான் யாருன்னு சொல்லல. ஆனா நீங்களா வந்து ஒரு வார்த்த சொன்னா யாரும் தடுக்க மாட்டாங்கள்ல?"

செசிலியா கேட்கிறாளா என்று உள்ளே திரும்பிப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள். இந்த மாதக் கடைசிக்குள் அவர் வேலைக்கு வராவிட்டால் பேரை அடித்துவிடுவோம் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். பேர் போனால் லயத்தை விட்டு இறங்க வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே இறங்குவது என்று கேட்டாள். அவர் குணத்துக்கு ஒரு கடிதம் கேட்டு மேனேஜரிடமும் போயிருக்கிறாள். ரப்பர் விலை விழுந்துகிடக்கிற காலத்தில் ஓர் ஆள் குறைந்தால் நல்லதுதான் என்றாராம் அவர்.

"பார்க்கிறேன்" என்றேன்.

பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அழவில்லை, கோபப்படவும் இல்லை. வாரேன் அண்ணே என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தாள். யாரது என்று செசிலியா கேட்டாள். கைதி ஒருவனின் பெண்சாதி, சிபாரிசு கேட்டு வந்தாள் என்றேன். பாவம், முடிந்தால் செய்யுங்கள் என்றாள் அவள்.

சர்க்கார் உத்தியோகஸ்தன் இப்படிச் சாட்சி சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். மறுநாள் விதிகளை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு விதி இல்லை. மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாம் என்றுதான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், அவனை உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எந்த நிரை என்று எல்லாம் வரும். ஒரு பக்கம் சவரிமுத்துவின் பிள்ளைகளுக்கு வீடு, இன்னொரு பக்கம் என் கோட்டின் மடிப்பு. இப்படி எழுதும்போது எது கனம் என்று குழந்தைக்கும் தெரிகிறது. அந்த வாரம் முழுக்க எனக்குத் தெரியவில்லை. தெரியாதவன்போல இருந்தேன் என்று சொல்வதுதான் உண்மை.

6

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஜாமீன் கிடைக்கவில்லை. தோட்டத்தில் பேரை அடித்துவிட்டார்கள். அந்தோணியம்மாளும் பிள்ளைகளும் கமுந்திங்கில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள். இங்குள்ள சாமியார் மூலமாக அவர்களுக்கு இரண்டு தடவை அரிசி அனுப்பினேன், யார் கொடுத்தது என்று சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தர்மத்தில்கூட நான் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போகிறது. அதற்கு முன் இன்னொரு தடவை ஜாமீன் கேட்க இடமுண்டு. அதற்கான மனுவை நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். 'இவரை நான் இருபது வருஷமாக அறிவேன்' என்ற வரிவரை வந்து நிற்கிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை. இந்தக் கட்டுரை அச்சாகி, பத்திரிகை ஈப்போவுக்கு வந்து, செசிலியாவும் கிளாராவும் மற்றவர்களும் படித்துவிட்டால் பிறகு மறைக்க ஒன்றும் இருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். கப்பல் போய்த் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்துகொண்டே, நேரே போய்ச் சொல்லாமல் கப்பலில் அனுப்புகிறேன். இதிலும் என் புத்திதான் தெரிகிறது.

துரை ஒரு வாரம் தள்ளி வைத்த அந்த இரண்டாம் விசாரணை நடந்த அன்று காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். நானாகச் சொல்லமாட்டேன். துரை சவரிமுத்துவைக் கேட்பார், உன்னைத் தெரிந்தவர் யார் என்று. அவர் என் பேரைச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆமாம் துரை, நான்தான் அது என்று சொல்லிவிடுவேன். அவர் வாயிலிருந்து வரட்டும். என்னால் முடிந்த தைரியம் அவ்வளவுதான். அதையும் பெரிய காரியமாக எண்ணிக்கொண்டு, கொஞ்சம் லேசான மனதோடுகூடக் கோர்ட்டுக்குப் போனேன்.

அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் மெலிந்திருந்தார். பின் வரிசையில் அந்தோணியம்மாள் மூத்த மகளோடு நின்றாள். கடைக்காரர் ஜாமீன் தொகைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். துரை கோப்பைத் திறந்து, இந்த ஊரில் உன்னை நெடுநாளாக அறிந்த மனிதர் யாராவது உண்டா என்று கேட்டார்.

வழக்கமாக நான் கேள்வியைச் சுருக்கிச் சொல்வேன். அன்று ஒவ்வொரு வார்த்தையாக, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இந்த ஊரில், உங்களை நெடுநாளாகத் தெரிந்தவர், யாராவது இருக்கிறாரா?" கைதிகளை நான் 'நீ' என்றுதான் கேட்பது வழக்கம். அன்று 'உங்களை' என்று வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சவரிமுத்து கவனித்தார். என்னைப் பார்த்தார். என் கழுத்து டையை, மேஜைமேல் இருந்த என் கைகளை, எனக்கு மேலே உட்கார்ந்திருந்த துரையை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். சொல்லு மச்சான் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவர் துரையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"யாரும் இல்லீங்க தொரை. இந்த ஊர்ல என்னையத் தெரிஞ்சவங்க யாருமே இல்லீங்க."

 எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள், நான் சொல்லும்வரை துரைக்கு அது புரியாதே. கூட்டாமல் குறைக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னேன். துரை ஜாமீன் இல்லை என்று எழுதி, அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.